நோவா மங்கும்போது அதன் ஒளி எங்கே போகிறது?

கேள்வி: ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் 1934-இல் தோன்றிய நோவா சில மாதங்களில் திடீரென மங்கி, பின்னர் மீண்டும் ஒளிர்ந்ததாகப் படித்தேன். அணைந்த விண்மீன் மறுபடியும் எப்படி எரிந்தது?

பதில்: அது அணையவே இல்லை. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீன் ஒன்று தன் துணை விண்மீனிலிருந்து ஈர்த்துச் சேர்த்த ஹைட்ரஜன், அணுக்கரு இணைவால் வெடிப்பதே நோவா. வெடிப்பில் எறியப்படும் வாயு விரிய விரியக் குளிர்ந்து, ஏறத்தாழ 1,200 கெல்வினுக்கு இறங்கும்போது, அதிலுள்ள கார்பன் முதலியவை நுண்ணிய தூசாக உறையத் தொடங்குகின்றன. இத்தூசு நமக்கும் விண்மீனுக்கும் இடையே திரையாக நின்று கண்ணுறு ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றலால் தானும் சூடேறி, அதனை அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகிறது. 1,000 கெல்வின் வெப்பமுள்ள தூசின் கதிர்வீச்சு 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறுவதால், வெறும் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. 1935 ஏப்ரலில் ஹெர்குலிஸ் நோவா சரிந்தபோதே தூசுதான் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. அதைச் சோதிக்கத்தக்க அகச்சிவப்புக் கருவிகள் அன்று இல்லை. 1970-இல் செர்ப்பன்ஸ் குழுவில் வெடித்த நோவாவில்தான், கண்ணுறு ஒளி குறையக் குறைய அகச்சிவப்பு ஒளி ஏறுவதும், இரண்டின் கூட்டுத்தொகை பெரிதும் மாறாதிருப்பதும் அளக்கப்பட்டன. ஒரு பக்கத்துச் செலவு மறுபக்கத்தில் வரவாகப் பதிவான இந்தக் கணக்கைவிட வலுவான சான்று தேவையில்லை என்பது என் எண்ணம். தூசுக்கூடு மேலும் விரிந்து மெலிந்ததும் விண்மீன் மீண்டும் தென்படுகிறது.

கேள்வி: அங்கே முன்பே கிடந்த பழைய தூசு சூடாகி ஒளிர்கிறது என்று ஏன் கொள்ளக் கூடாது?

பதில்: நியாயமான ஐயம், சில வெடிப்புகளில் உண்மையும் அதுவே. 2002-இல் வெடித்த வி838 மோனோசெரோட்டிஸைச் சுற்றிப் பரவிய ஒளி எதிரொலி, பழைய தூசின் மீது வெடிப்பின் ஒளி பட்டதால் விளைந்தது. நோவாவிலோ, வெடித்துப் பல நாட்களோ வாரங்களோ கழித்து அகச்சிவப்பு ஏறும் அதே வேளையில் கண்ணுறு ஒளியும் விழுகிறது. தொலைவில் கிடக்கும் பழைய தூசு இப்படி விண்மீனைப் புதிதாக மறைக்க இயலாது. மேலும், சில நோவாக்களில் தூசுக்கு முன்னறிவிப்பாக, 2.3 மைக்ரானை ஒட்டிக் கார்பன் மோனாக்சைடின் ஒளிர்வு தென்படுகிறது. இம்மூலக்கூறு உருவாகும்போது, கார்பன், ஆக்சிஜன் இரண்டில் குறைவாக உள்ளது முழுவதும் தீர்ந்துபோகும் என்றும், ஆகவே மிஞ்சுவது எது என்பதைப் பொறுத்து, கார்பன் தூசோ, சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிகேட் தூசோ ஒன்று மட்டுமே தோன்றும் என்றும் பாடநூல் விதி கூறும். 1993-இல் வெடித்த வி705 காசியோப்பியா என்ற நோவா அந்த விதியைப் பொருட்படுத்தாமல் இரண்டையும் காட்டியது. சிலிகேட்டின் அடையாளம் 10 மைக்ரானை ஒட்டிப் பதிவாயிற்று.

கேள்வி: எல்லா நோவாக்களும் தூசை உண்டாக்குமா?

பதில்: இல்லை. கார்பன்-ஆக்சிஜன் வெண்குறுமீன்களில் நிகழும், சற்றே மெதுவான நோவாக்களில்தான் தூசு மிகுதி. நியான் மிகுந்த, அதிவேக நோவாக்களில் எறியப்படும் வாயு விரைவில் அடர்த்தி குன்றிவிடுவதால், துகள்கள் வளர்வதற்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை.