அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு, நமக்கு விசிட்டர் விசா: கேள்வி பதில்

அமெரிக்காவில் கிரீன் கார்டோ குடியுரிமையோ வாங்கிவிட்ட பெற்றோரைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்துவிட்டு, "மனுதான் போட்டாச்சே, அப்படியே இருந்துவிடலாமா" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். நான் வக்கீல் இல்லை, இந்தப் படிவங்களோடு நெடுநாள் பழகியவன், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா கிரீன் கார்டில் இருக்கிறார். எனக்காக ஐ-130 (உறவினருக்கான குடியேற்ற மனு) போட்டு ரசீதும் வந்துவிட்டது. ஆறு மாதம் முடியப்போகிறது. ரசீதை வைத்துக்கொண்டு இங்கேயே காத்திருக்கலாமா?

பதில்: கூடாது தம்பி. அந்த ரசீதின் தலைப்பைப் படித்துப் பாருங்கள், இந்த அறிவிப்பு எந்தக் குடிவரவு அந்தஸ்தையும் தராது என்று பெரிய எழுத்தில் அதிலேயே போட்டிருக்கிறது. "இவன் என் மகன்" என்று அப்பா நிரூபித்து உங்களுக்கு வரிசையில் இடம் பிடிக்கிறார், ஐ-130 செய்வது அதை மட்டும்தான். நீங்கள் எஃப்2பி பிரிவு, அதாவது கிரீன் கார்டுக்காரரின் 21 வயது தாண்டிய மணமாகாத பிள்ளை. அந்த வரிசை பல வருஷம் இழுக்கும். முறை வரும்போது இங்கிருந்தே ஐ-485, அதாவது அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம், போடலாமே என்றால், இந்தப் பிரிவில் ஸ்டேட்டஸ் (தங்கும் அனுமதி) போனவருக்கு அந்த வழி பொதுவாக அடைபட்டுவிடும். சரி, மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகலாம் என்று அப்போது கிளம்பினால், கிளம்பிய அந்த நிமிடமே, மறுபடி அமெரிக்காவுக்குள் வர 10 வருஷத் தடை விழும். இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று சொல்லும் நுழைவுப் பதிவு) தேதிக்குள் ஊருக்குப் போய்விட்டால் வரிசையில் உங்கள் இடம் எங்கும் போகாது, நீங்கள் எங்கே இருந்தாலும் மனு ஒரே வேகத்தில்தான் நகரும்.

கேள்வி: என் விசா 10 வருஷத்துக்குச் செல்லும். அதுவரை இருக்கலாம்தானே?

பதில்: இல்லை. விசா என்பது வந்து கதவைத் தட்ட அனுமதி. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை ஐ-94 சொல்லும், அதை இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். தேதியைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஐ-94 முடிந்தும் தங்கிவிட்டேன், ஐந்து மாதம் ஆகிறது. எனக்கும் மனு இருக்கிறது. இப்போது கிளம்பினால் தடை வருமா?

பதில்: வயது 18-க்கு மேல் என்று வைத்துச் சொல்கிறேன். 180 நாளைத் தாண்டிவிட்டுக் கிளம்பினால் 3 வருஷத் தடை, ஒரு வருஷம் ஆகிவிட்டால் 10 வருஷம். நீங்கள் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள், அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு நாளாக எண்ணுங்கள், எண்ணி முடித்ததும் டிக்கெட் போடுங்கள். விசா போனதுதான், ஒருநாள் ஓவர்ஸ்டே ஆனாலே அது செல்லாது. புதிதாக விசிட்டர் விசா கேட்டாலும், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் கேட்கும். ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். கிடைப்பது கஷ்டம். ஆனால் கிரீன் கார்டுக்கான வழி திறந்தே இருக்கும், அதுதான் பெரிது. அம்மாவுக்கு முடியாத நேரத்தில் விட்டுவிட்டுப் போவது எவ்வளவு வேதனை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

கேள்வி: தேதி முடியுமுன் நீட்டிப்பு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், அதற்கான படிவம் ஐ-539. முடியுமுன் போட வேண்டும், நியாயமான காரணமும் வேண்டும். முறைப்படி போட்டு, இடையில் வேலை எதுவும் செய்யாமல் இருந்தால், அது நிலுவையில் இருக்கும் நாட்கள் அந்த 180-இல் சேராது. கிரீன் கார்டு வரும்வரை தள்ளிப்போட இது கருவி அல்ல.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. விசாவில் முறையாக வந்தவள், இரண்டு வருஷமாக ஸ்டேட்டஸ் இல்லை. எனக்கு அடுத்த மாதம் சிட்டிசன் பிரமாணம். அவளுக்கும் தடையா?

பதில்: அக்கா, உங்கள் கதை வேறு. குடியுரிமை பெற்றவரின் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைக்கு வரிசையே கிடையாது; முறையாகச் சோதித்து உள்ளே விடப்பட்டிருந்தால் ஓவர்ஸ்டே மட்டும் காரணமாக ஐ-485-ஐ மறுக்க முடியாது. ஐ-130 ஏற்கெனவே போட்டிருந்தால், நீங்கள் பிரமாணம் எடுக்கும் நாளில் அவள் வயது அப்படியே நின்றுவிடும். அப்புறம் நேர்காணல் தாமதமாகி 22 ஆனாலும் பாதகமில்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம்: கார்டு வரும்வரை கல்யாணம் வேண்டாம், நாட்டைவிட்டு வெளியே போகவும் வேண்டாம். 18 வயதுக்குமுன் கழிந்த நாட்கள் தடைக் கணக்கில் சேராது, ஆனாலும் அதற்குப் பிறகே இவளுக்கு நிறைய நாள் ஓடிவிட்டது. விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்றும் நம்பாதீர்கள், நேர்காணலுக்கு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்பா கிரீன் கார்டுதான். நல்ல வரன் வந்திருக்கிறது. மனு போட்டிருப்பதால் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

பதில்: சொல்வது சரிதான் அம்மா, கல்யாணம் ஆனதும் அந்த மனு செத்துவிடும். கிரீன் கார்டுக்காரரின் மணமான பிள்ளைக்கு என்று ஒரு பிரிவே சட்டத்தில் இல்லை. அப்பா சிட்டிசன் ஆனபிறகு செய்துகொண்டால் மனு எஃப்3-க்கு, அதாவது சிட்டிசனின் மணமான பிள்ளைக்கான பிரிவுக்கு, மாறிப் பிழைக்கும், காத்திருப்பு மட்டும் நீளும். தாலி கட்டிக்கொண்டு மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், பொய் சொன்னதற்கான தடை ஓவர்ஸ்டே தடையைவிட மோசமானது.

கேள்வி: ஒரு வருஷம் தாண்டியாச்சு. எஃப்2பி. இனி வழியே இல்லையா?

பதில்: ஐ-601ஏ என்று ஒரு மன்னிப்பு மனு இருக்கிறது. ஐ-130 ஒப்புதலாகி, முறை வந்து, விசா கட்டணம் கட்டியபிறகு இங்கிருந்தபடியே போடலாம். நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் அப்பாவோ அம்மாவோ கடுமையாக அவதிப்படுவார்கள் என்று காட்ட வேண்டும். பிரிவு வருத்தம் மட்டும் போதாது, மருத்துவச் சான்று, மருந்துச் செலவு, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்பது வரை கேட்பார்கள். முடிவு அதிகாரியின் கையில், காலமும் நிறைய எடுக்கும். அம்மாவின் மருத்துவக் காகிதங்களை இன்றிலிருந்தே தேதிவாரியாகச் சேர்த்துவையுங்கள், குடிவரவு வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்கப்போவது அதைத்தான்.