துருத்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டு மயிலாடுதுறையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள நண்பர் சொன்னபடி ஆறு மாதமாக டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மிகுபுனைவு நாவலைப் படிக்கிறேன். தினமும் பஸ்ஸில் போக வர படிப்புதான். தெரியாத சொற்களையெல்லாம் நோட்டில் எழுதி, அகராதி பார்த்துப் பொருள் குறிக்கிறேன். முதல் பாகத்திலேயே 640 சொற்கள் சேர்ந்துவிட்டன. நேற்று என்னையே சோதித்துப் பார்த்தேன். நூறுகூடத் தேறவில்லை. பேசாமல் சொற்பட்டியல் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்துவிடலாமா? நல்ல செயலி ஏதாவது உண்டா? மிகுபுனைவு படிப்பது நேர விரயம் என்கிறார்களே, உண்மையா? இன்னொன்றும் தோன்றுகிறது. ஆறு, காடு, மலை பற்றி ஆங்கிலத்தில் இருப்பதுபோல் நுட்பமான சொற்கள் தமிழில் இல்லை. பல சொற்களுக்கு எதிரே 'ஒருவகை மேடு', 'ஒருவகைச் சிறு தீவு' என்றுதான் எழுத முடிகிறது. மாதிரிக்கு நாற்பது சொற்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ர.
குத்தாலம்

அன்புள்ள ர.,

சென்ற மாதம் பேத்தியோடு திருவையாற்றில் காவிரிப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஆற்றின் நடுவே நாணல் மண்டிய ஒரு மேட்டைக் காட்டி, அது என்ன தாத்தா என்று கேட்டாள். தீவு என்று சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கு கசந்தது. அதற்குரிய சொல் எனக்குத் தெரியும். என் பதினேழாவது வயதில் ஒருவர் அதை எனக்குக் கொடுத்திருக்கிறார். அதை மறந்துபோய்க் குழந்தைக்கு ஒரு பொதுப்பெயரைக் கொடுத்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. அந்த நிலையில்தான் உங்கள் கடிதம் வந்தது. நாற்பது சொற்களில் ஒன்பதாவதாக அதே பொருள், ஆங்கிலத்தில் நிற்கிறது: எய்ட். எண் எட்டுக்கான ஆங்கிலச் சொல் எப்படி ஒலிக்குமோ அப்படி.

செயலி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மிகுபுனைவு நேர விரயம் என்று உங்களிடம் சொன்னவர்கள் எதையும் படிக்கிறவர்களாக இருக்க மாட்டார்கள். அவர்களை விடுங்கள். கடைக்கணக்கை முடித்துவிட்டு, பஸ்ஸில் ஆடி ஆடி அந்தப் பருத்த புத்தகத்தைப் படித்துக்கொண்டு ஊர் திரும்புகிற பையனை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

640 ஏன் நூறாகச் சுருங்கியது? உங்கள் பட்டியலில் ஒன்றைக் கவனித்தேன். ஆவியுருவைக் குறிக்கிற ரெய்த் என்ற சொல் அதில் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கதையில் வருகிற ரெய்த்களான அந்தக் கரிய குதிரைவீரர்கள் பக்கத்துக்குப் பக்கம் துரத்தி வந்து உங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கற்றது தெரியாமலே கற்றிருக்கிறீர்கள். 1978இல் சராகி, நேஷன், மைஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆன்டனி பர்ஜஸின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலில் ரஷ்ய மொழியிலிருந்து திரித்து எடுத்த கொச்சைச் சொற்கள் ஏறத்தாழ 240 வருகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் சொற்பொருள் பட்டியல் இல்லாத பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சொற்களைப் பற்றித் தேர்வு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பிறகு 90 சொற்களைக் கேட்டபோது சராசரியாக முக்கால் பங்குக்குச் சரியாகப் பொருள் சொன்னார்கள். அந்தச் சொற்கள் சராசரியாகப் பதினைந்து தடவை திரும்பத் திரும்ப வருகின்றன என்பது அதற்கு முக்கியமான காரணம். பின்னாளில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களைக் கொண்டு இதேபோல் சோதித்தபோது கிடைத்த பலன் மிகக் குறைவு. நாம் அந்த இரண்டாவது கூட்டம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் எய்ட் போன்ற சொல் பதினைந்து தடவை வராது. ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அதை நோட்டில் பிடித்துப்போட்டு, எதிரே 'ஒருவகைச் சிறு தீவு' என்று எழுதினால் அது அங்கேயே கிடந்து செத்துப்போகும். உங்களுக்கு அந்தச் சொல் தெரியவில்லை என்பது மட்டும் காரணம் அல்ல. அந்தப் பொருளையே நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

என் பெரியப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தார். குடமுருட்டியில் ஒரு மதகு அவர் பொறுப்பு. மாலையில் தூக்குவாளியில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அவர் ஷட்டரை ஏற்றி இறக்கிக் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை மதகுச் சுவரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். அப்போது என் கையில் இருந்தது நீங்கள் படிக்கிற இதே முதல் பாகம். தஞ்சாவூரில் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்தது. என்னிடமும் ஒரு நோட்டு இருந்தது.

ஒருநாள் அவர், அப்படி என்ன கதை என்று கேட்டார். எட்டுப் பேர் மூன்று படகுகளில் ஒரு பெரிய ஆற்றில் போகிறார்கள், இரவில் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு சின்னத் தீவில் தங்குகிறார்கள் என்று சொன்னேன். தீவு கடலில் அல்லவா இருக்கும் என்றார். அகராதியில் பார்த்ததைச் சொன்னேன்: ஆற்றுக்குள் இருக்கும் சிறு தீவு. அவர் சிரிக்கவில்லை. நம் ஊருக்கு என்ன பெயர் என்று கேட்டார். எங்கள் ஊர் திருப்பூந்துருத்தி. காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பர் மடம் அமைத்துத் தங்கிப் பாடிய ஊர். துருத்தி என்றால் கொல்லன் ஊதுகிற தோல்பை என்று மட்டுமே பதினேழு வயதுவரை எண்ணியிருந்தேன். ஆறு இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போகிற மேட்டுக்குத்தான் துருத்தி என்று பெயர் என்றார். ஊரின் பெயரை அன்றுதான் முதல்முறை காதால் கேட்டதுபோல் இருந்தது.

அதோடு விடவில்லை. படகைத் துருத்தியின் தலையில் கட்டினார்களா, வாலில் கட்டினார்களா என்று கேட்டார். தலையில் கட்டினால் வெள்ளத்தில் வருகிற மரமெல்லாம் வந்து மோதும். வாலில் மணல் இளகிக் கிடக்கும், கால் புதையும். கரையை ஒட்டிய துருத்தி என்றால் இடையில் ஓடுகிற நீர் ஆழமாக இருக்காது, எதிரி நடந்தே வந்துவிடலாமே, இது தெரியாமலா அங்கே தங்கினார்கள் என்று கவலைப்பட்டார். புத்தகத்தில் அதெல்லாம் இல்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவனான சாம் அன்று இரவு, ஆற்றில் மிதந்து வந்த ஒரு கட்டைக்குக் கண்கள் இருந்ததாகத் தோழனிடம் சொல்கிற இடத்தைச் சொன்னேன். கண் இருந்தால் அது கட்டை அல்ல, முதலை என்று உறுதியாகச் சொன்னார். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் அவர் முதலைகளைப் பார்த்தவர். மறுநாள் நான் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, முதலையா இல்லையா என்பதுதான்.

என் நோட்டில் எழுதிய மற்றச் சொற்கள் எங்கே போயினவோ தெரியவில்லை. இது ஒன்று மட்டும் கூடவே இருந்தது. சென்ற மாதம் பாலத்தில் ஒரு நொடி கைவிட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். தமிழில் நுட்பமான சொற்கள் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எத்தனை இடத்தில் தேடிவிட்டு அந்த முடிவுக்கு வந்தீர்கள்? ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டியிருக்கிறீர்கள். தமிழுக்கு ஒருமுறையாவது ஓர் அகராதியைத் திறந்தீர்களா? தெரியாதது இல்லாதது ஆகிவிடுமா? இந்த அவசரத் தீர்ப்பை இருபது வயதுப் பிள்ளைகள் பலரிடம் கேட்டுவிட்டேன். கேட்கிறபோதெல்லாம் கோபம் வருகிறது.

பாரோ என்ற சொல்லுக்கு 'ஒருவகை மேடு' என்று எழுதியிருக்கிறீர்கள். செத்தவர்களைப் புதைத்து எழுப்பிய மேடு அது. அகநானூற்றின் பாலைப் பாடல்களைப் படித்துப் பாருங்கள். ஆறலை கள்வர் கொன்றுபோட்ட வழிப்போக்கர்களைக் கல்லால் மூடிய குவியல்கள் வழியெல்லாம் கிடக்கும். அதற்குப் பதுக்கை என்று பெயர். மண்மேடும் கற்குவியலும் ஒன்றல்லதான். ஆனால் அந்த நாவலில் பனிமூட்டத்தில் வழிதவறியவர்கள் அந்த மேடுகளுக்கிடையில் அடைகிற அச்சம், பாலை வழியில் பதுக்கையைக் கடக்கிறவனுக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், இரண்டு சொல்லும் உங்களோடு தங்கிவிடும்.

டோல்கீன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? முதல் உலகப்போர் முடிந்ததும், 1919–20இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தார். டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சில சொற்களின் வேரைத் தேடுவது அவர் வேலை. வால்ரஸ் என்ற ஒரு சொல்லின் பிறப்புக்காக மட்டும் திரும்பத் திரும்ப எழுதித் திருத்தினார். அந்த மனிதர்தான் பின்னாளில், புழக்கத்திலிருந்து போய்விட்ட தம் மொழியின் சொற்களைத் தோண்டி எடுத்து, தம் கதையில் வருகிற குள்ள மக்களான ஹாபிட்களின் வாயில் வைத்தார். உங்கள் பட்டியலில் உள்ள மாத்தம் அப்படி வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது புதையல், பரிசு. ஹாபிட்களுக்கோ இப்போதைக்குப் பயனில்லை, ஆனாலும் தூக்கி எறிய மனம் வராத பொருள். நம் வீட்டுப் பரணில் கிடப்பவை முக்காலும் மாத்தம்தான். இதற்குத் தமிழில் ஒரே சொல்லாக எனக்கும் எதுவும் அகப்படவில்லை. இல்லாதவையும் உண்டு, மறுக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சொற்பட்டியல் புத்தகம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த நோட்டே போதும். தெரியாத சொல் வந்ததும் பாய்ந்து எழுதாதீர்கள். திரும்பத் திரும்ப வருகிற சொல் மெல்ல மெல்ல விளங்கிவிடும். ஒரே முறை வந்து மனத்தைக் குடைகிற சொல்லை மட்டும் எழுதுங்கள். அதை யாரிடமாவது கதையாகச் சொல்லுங்கள். கணக்கு மேசைக்குப் பக்கத்து மேசைக்காரர் ஆனாலும் சரி, உங்கள் அம்மா ஆனாலும் சரி.

இருபத்திரண்டாவது சொல்லைப் பாருங்கள்: ஹைத். கதையில் அந்த எட்டுப் பேரும் பொன்மரக் காட்டைவிட்டுப் புறப்படுகையில் படகேறுகிற இடம், வெண்கல்லும் வெண்மரமுமாக அமைந்தது. லண்டனில் ராதர்ஹைத் என்ற பகுதியின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. நீங்கள் 'படகு நிறுத்தும் ஒருவகை இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் துறை என்று சொல்வோம். தினமும் காலையில் நீங்கள் பஸ் டிக்கெட் கேட்டு வாங்குகிற ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. அங்கே மயில் ஆடுகிறது.

ஒன்பதாவது சொல்லுக்கு எதிரே எழுதியதையும் அடித்துவிடுங்கள். குத்தாலம் என்று கையெழுத்துக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, தேவாரத்தில் அந்த ஊருக்கு என்ன பெயர் தெரியுமா? திருத்துருத்தி. வீங்குநீர்த் துருத்தி என்றும் சொல்வார்கள். எய்ட்டில் வீடு, ஹைத்தில் வேலை. நோட்டில் அந்த இரண்டு இடத்திலும் ஊர்ப்பெயர்களை எழுதிவிட்டு, இரண்டாம் பாகத்தைத் தொடங்குங்கள். மிதந்து வந்த கட்டை என்ன ஆயிற்று என்பது அதில் இருக்கிறது. என் பெரியப்பா அதற்காக, மேட்டூரை மூடி ஆற்றில் தண்ணீர் வற்றிய பிறகும், மதகுக்கு என்னை வரச்சொல்லிக்கொண்டிருந்தார்.