பூக்காத ஆண்டுகளின் குறிஞ்சி

கேள்வி: கணவர் மறைந்த பிறகு, எவ்வளவு வேண்டினாலும் முருகன் என்னை மறந்துவிட்டான் என்றே தோன்றுகிறது. அவன் அன்பை எங்கே காண்பேன்?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: அம்மா, குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குச் செல்லும் நாளில், வானம் தெளிந்திருந்தால் கீழே தெரியும் பழனி மலையை வணங்கிவிட்டு, மலைச்சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சிப் புதர்களையும் சற்று நின்று பாருங்கள். 2018இல் பூத்து, விதை உதிர்த்து, அந்தச் செடிகள் மடிந்தன. ஆயினும் மண்ணில் விழுந்த விதைகளிலிருந்து முளைத்தவை, ஒரு பூவும் காட்டாமல், 2030ஐ நோக்கி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பூக்காத இந்த ஆண்டுகளிலும் மழையும் பனியும் அவற்றைத் தேடி வராமல் இல்லை. உங்களையும் அவன் அப்படித்தான் காத்துவருகிறான் என்று முழுமனத்துடன் நம்புகிறேன். என் தாயை இழந்த ஆண்டில் எனக்கு ஆறுதல் தந்தவை, மலர்ந்த குறிஞ்சியைவிட, பூவற்ற அந்தப் பச்சைப் புதர்களே.