ரஷ்ய மருத்துவமனைத் தேவாலயங்களுக்கு ஓர் அறுவை மருத்துவரின் பெயர் ஏன்?

மருத்துவமனைத் தேவாலயம் என்பது, எழுந்து வெளியே போக இயலாத நோயாளிகளுக்காகவும் அவர்களுக்குத் துணையிருப்போருக்காகவும் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே அமைக்கப்படும் வழிபாட்டிடம்; வேலையை விட்டு நகர முடியாத தொழிலாளர்களுக்கு ஆலைக்குள்ளேயே உணவகம் இருப்பதைப் போன்றது. ரஷ்யாவில் இவற்றுள் பல, கிரிமியாவின் புனித லூக்காவின் பெயரில் அமைந்தவை. 1877இல் கெர்ச் நகரில் பிறந்த அவர், பேராயராகவும் அறுவை மருத்துவராகவும் ஒருசேர வாழ்ந்தவர் என்பதே காரணம்.

சோவியத் அரசு அவரைப் பலமுறை கைது செய்து, தொலைதூர ஊர்களுக்கு அனுப்பிவைத்தது; சீழ்ப்புண்களுக்கான அறுவை சிகிச்சை பற்றிய அவரது நூலுக்காக, வேடிக்கை என்னவென்றால், அதே அரசுதான் 1946இல் ஸ்டாலின் பரிசையும் வழங்கியது. கத்தியை எடுக்கும் முன் நோயாளியின் உடலில் அயோடினால் சிறு சிலுவைக்குறி இடுவார் என்பார்கள். வேண்டுதலுக்கும் கிருமிநீக்கத்துக்கும் ஒரே திரவம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1961இல் சிம்ஃபெரோபோலில் மறைந்த அவரை, 2000ஆம் ஆண்டில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை புனிதர் வரிசையில் சேர்த்தது.

நற்செய்தி எழுதிய லூக்காவும் மருத்துவரே என்பதால் இருவரும் ஒருவர்தான் எனப் பலர் கருதுகின்றனர். இவரோ 1923இல் துறவு பூண்டபோது அவருடைய பெயரை ஏற்றுக்கொண்டவர்.