பார்த்துப் படிப்பவன், கேட்டுப் படிப்பவன்: ஆசிரியர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கற்றல் பாணி பற்றியவை. பார்த்து, கேட்டு, செய்து என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்க ஏற்ற ஒரு வழி உண்டு என்ற கருத்துதான் அது. அதனால் அவற்றையும் அவற்றை ஒட்டியவற்றையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாம் வகுப்பில் 45 பேர். ஒவ்வொருவரின் கற்றல் பாணியையும் கண்டுபிடித்து, அதற்கேற்ப அறிவியல் நடத்த எளிய வழி உண்டா?
- பட்டதாரி ஆசிரியர், தென்காசி மாவட்டம்

பாணியைக் கண்டுபிடிக்க வேண்டாம். அந்த நேரத்தில், பாடத்துக்கு வேண்டிய முன்னறிவு யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று பாருங்கள். வெப்பம் நடத்தப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே அரைத் தாளில் இரண்டு மூன்று கேள்விகள் கொடுங்கள். "இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த இரும்பு நாற்காலி, மர நாற்காலி, இரண்டில் எதன் வெப்பநிலை குறைவு?" என்று கேளுங்கள். இரும்புதான் என்று பாதிப் பேராவது எழுதுவார்கள். தொட்டால் சில்லென்று இருப்பதை வைத்து அப்படி நினைக்கிறார்கள். இரண்டிலும் தெர்மாமீட்டரை வைத்துக் காட்டி, ஒரே அளவுதான் என்று அவர்களே பார்த்த பிறகு வெப்பக் கடத்தலை ஆரம்பியுங்கள். 45 பேரையும் பார்ப்பவர், கேட்பவர் என்று பிரிப்பதைவிட இந்த ஐந்து நிமிடம் பத்து மடங்கு பயன் தரும்.

பி.எட். தேர்வில் வார்க் மாதிரி பற்றிக் கேட்டால் என்ன எழுதுவது? நீங்களோ அதை ஏற்பதில்லை.
- பி.எட். மாணவி, சேலம்

கேட்டதை எழுதுங்கள். வார்க் (VARK) என்பது நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங் 1987-இல் உருவாக்கிய கற்றல் பாணி மாதிரி. பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல் என நான்கு வகை. கடைசியில் 'விமர்சனம்' என்று ஒரு பத்தி சேருங்கள். அதில் என்ன எழுதலாம் என்பதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளியில் 20 கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, அவன் 'செவிவழிக் கற்பவன்' என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அறிவியலில் படம் வரையவே மாட்டேன் என்கிறான். "எனக்குக் கேட்டால்தான் ஏறும்" என்று வீடியோ போட்டுக் கேட்கிறான். மதிப்பெண் குறைகிறது. என்ன செய்வது?
- ஒரு தாய், கோவை

அம்மா, முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் மகன்மேல் எந்தத் தப்பும் இல்லை. பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை அவன் நம்பினான், அவ்வளவுதான். இந்த முத்திரை குத்தும் பழக்கத்தைப் பற்றி நான் பயிற்சி வகுப்புகளில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். இன்னமும் பள்ளிகள் காசு செலவழித்து இந்தத் தாள்களை வாங்குகின்றன.

அந்த 20 கேள்வியும் எதைக் கேட்கின்றன? "உனக்கு எது பிடிக்கும்?" என்பதைத்தான். பிடிப்பது வேறு, அதனால் பாடம் மனதில் நிற்பது வேறு. பிள்ளைகளுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. அந்த விருப்பத்துக்கு ஏற்ற வழியில் நடத்தினால் அதிகம் கற்பார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் கேட்கிறோம். 2004-இல் பிரிட்டனில் ஒரு குழு கணக்கெடுத்தபோது உலகத்தில் இப்படி 70-க்கு மேற்பட்ட மாதிரிகள் புழங்கின. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத எழுபது வகைப்பாடு! 2008-இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். அவர்கள் வைத்த சோதனை எளிமையானது. பிள்ளைகளைப் பார்ப்பவர், கேட்பவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படமாகவும் பாதிப் பேருக்குப் பேச்சாகவும் நடத்துங்கள். எல்லோருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். பார்ப்பவர்கள் படத்திலும் கேட்பவர்கள் பேச்சிலும் ஜெயித்தால் கொள்கை சரி. இப்படி ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளே மிகக் குறைவு. செய்தவற்றிலும் பல, கொள்கைக்கு எதிராகவே வந்தன.

உடனே அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரை இழுப்பார்கள். 1983-இல் அவர் சொன்னது மொழி, கணக்கு, இசை எனப் பல்வகை அறிவுத்திறன்கள் பற்றி. அதைக் கற்றல் பாணியோடு போட்டுக் குழப்பாதீர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது உங்கள் மகன் விஷயம். இதயத்தின் அமைப்பைக் காதால் மட்டும் படிக்க முடியாது. நான்கு அறை, வால்வுகள், எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் இடம் சார்ந்த விஷயங்கள். அதற்குப் படம்தான் வழி, கேட்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் சேர்த்து. அவன் வீடியோவை ஒரு முறை கேட்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நான்கு அறை போட்டு, ரத்தம் போகும் வழியை உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வரையட்டும். பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி என்று விரல் நகர நகர வாயும் சொல்ல வேண்டும். நுரையீரல் தமனியில் எந்த ரத்தம் போகிறது என்று நடுவில் நிறுத்திக் கேளுங்கள். தமனி என்றாலே ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கேதான் மாட்டும். எங்கே தடுமாறுகிறானோ அங்கே மட்டும் புத்தகத்தைத் திறக்கட்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தால் "எனக்குக் கேட்டால்தான் ஏறும்" என்ற பேச்சு தானாக நின்றுவிடும்.

பள்ளிக்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் மேல் முத்திரை குத்தாதீர்கள். 'உனக்கு இது வராது' என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழியாகவே அது வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

மாணவர்களுக்கு எந்தக் கற்பித்தல் முறை சிறந்தது? விரைவில் பதில் தேவை.
- ஓர் ஆசிரியர்

எந்த வகுப்பு? என்ன பாடம்? எத்தனை பேர்? இது எதுவும் இல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. முழுசாக எழுதி அனுப்புங்கள்.

கைரேகையை ஸ்கேன் செய்து குழந்தையின் கற்றல் பாணியைச் சொல்கிறார்களாம். செய்யலாமா?
- ஒரு தந்தை, மதுரை

செய்யாதீர்கள். குழந்தை கருவில் இருக்கும்போதே உருவாகிவிடும் ரேகை, அது எப்படிப் படிக்கும் என்பதைச் சொல்லாது. அறிவியல் ஆதாரம் துளியும் இல்லை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அதுவும் முத்திரைதானே?
- இடைநிலை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

நல்ல கேள்வி. அது பாணி சார்ந்த பிரிவு இல்லை, பிள்ளை இப்போது எதுவரை கற்றிருக்கிறது என்ற நிலை சார்ந்தது. எழுத்தே தெரியாத பிள்ளையும் பத்தியை வாசிக்கும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தால் இருவருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது அநியாயம். நம் மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, நாலைந்து வருடத்தில் மாநிலம் முழுக்கப் போனது. ஏணிப்படி, அட்டை, பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாகப் போட்ட கரும்பலகை எல்லாம் மூத்த ஆசிரியர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவரவர் வேகத்தில் படி ஏறுவதுதான் அதன் உயிர்.

ஒன்றே ஒன்றில் கவனமாக இருங்கள். நிலை மாற வேண்டும். ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை டிசம்பரிலும் அங்கேயே இருந்தால், மறுபடி வாசிக்க வைத்துப் பாருங்கள். பல நேரம் பிள்ளை நகர்ந்திருக்கும், நம் பதிவேடு நகர்ந்திருக்காது. அப்போது அதுவும் முத்திரைதான்.

ஆசிரியர் அறையில் மாட்ட ஒரு பிரமிட் படம் அச்சிட்டிருக்கிறோம். படித்தால் 10%, கேட்டால் 20%, செய்தால் 90% நினைவில் நிற்கும் என்று இருக்கிறது. சரியா?
- தலைமை ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

ஐயா, மாட்ட வேண்டாம். இந்தப் படத்துக்கு மூலம் என்று சொல்லப்படுவது அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வரைந்த அனுபவக் கூம்பு, அதில் சதவீதம் எதுவுமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்த எண்கள் இவை. எல்லாமே பத்து பத்தாக முழு எண்ணாக இருக்கிறதே, அதைப் பார்த்தாவது சந்தேகம் வர வேண்டும். எந்த ஆய்வும் அப்படி அளந்து வைத்தாற்போல் முடியாது.

என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் "நாங்கள் எழுதிப் படிக்கிற வகை" என்று ஒரே விடையை ஐந்து முறை பார்த்து எழுதுகிறார்கள். அப்படியும் தேர்வில் மறக்கிறது.
- முதுகலை ஆசிரியர், தஞ்சாவூர்

பார்த்து எழுதுவதால்தான் மறக்கிறது. ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள், படித்ததும் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம் சொன்னார்கள், படித்துக்கொண்டே இருந்தவர்கள் 40 சதவீதம். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. இம்போசிஷன் எழுத வைக்கும் ஆசிரியர்களும் இதைக் கவனிக்கட்டும்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் நன்றாகப் பேசுகிறான், கதை சொல்கிறான். வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் மாறுகின்றன. கேட்டுக் கற்பவன் என்று எடுத்துக்கொண்டு வாசிப்பை விட்டுவிடலாமா?
- இடைநிலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

விடவே கூடாது. இந்த வகைப் பிரிப்பால் வரும் பெரிய ஆபத்தே இதுதான், கவனிக்க வேண்டிய பிள்ளை 'பாணி' என்ற பெயரில் மறைந்துவிடுகிறான். முதலில் கண்ணும் காதும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரி என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள், பெற்றோரை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். அதைவிட முக்கியம், தினம் கால் மணி நேரம் ஒலியையும் எழுத்தையும் இணைத்து வாசிப்புப் பயிற்சி. ல, வ போன்று உருவம் நெருங்கிய எழுத்துகளை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள், முத்திரை வேண்டாம்.

செய்யுளின் சீரை அசை அசையாகப் பிரிக்கும் அலகிடுதலைக் கைதட்டிச் சொல்லிக் கொடுக்கிறேன். அது செய்து கற்பவர்களுக்கு மட்டும்தான் உதவும் என்று சக ஆசிரியர் சொல்கிறார்.
- தமிழாசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

எல்லோருக்கும் உதவும். அசை என்பதே ஓசை, அதனால் கைதட்டுவது அந்தப் பாடத்துக்கு ஏற்ற வழி. வழியைத் தீர்மானிப்பது பாடம்தான். நேர் அசைக்கு ஒரு தட்டு, நிரை அசைக்கு வேகமாக இரண்டு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்பாட்டுப் பெயர்களிலேயே தொடங்கலாம், அவை தாங்களே தங்கள் அலகைச் சொல்லும். தேமா: ஒன்று, ஒன்று. புளிமா: இரண்டு, ஒன்று. கூவிளம்: ஒன்று, இரண்டு. கருவிளம்: இரண்டு, இரண்டு. இது கைவந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டு, பலகையில் சீரை எழுதிக் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். தேர்வில் எழுத்தாகத்தான் வரும், கைதட்டலோடு நின்றுவிடாதீர்கள்.