சிப் சொந்தமா செய்யணுமா? பினாங்கு போய் வந்தவரிடம் கேளுங்கள்

(நம்ம நகரத்தார் கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை, நடத்திய அதே பினாங்கில், கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் உள்ளே இருக்கும் சிப்பை உறையிட்டு முடிக்கும் பேக்கேஜிங் ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டுக் காரைக்குடிக்கே திரும்பியவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்.)

கானாடுகாத்தான் ஆச்சி: தம்பி, சிப்பு மணல்ல இருந்துதான் வருதாமே. இங்க மணலுக்கா பஞ்சம்? சிப்புக்குத் தைவான் கையை ஏன் பாக்கணும்?

உங்க வீட்டையே பாருங்க ஆச்சி. தேக்கு பர்மா, பளிங்கு இத்தாலி, நிலைக்கண்ணாடி பெல்ஜியம். ஆத்தங்குடிக் கல்லு மட்டும் நம்ம மணலு. அதையும் கண்ணாடிப் பலகை மேல ஊத்தினாத்தான் அந்த வழவழப்பு வரும். சிப்பும் இப்படிக் கட்டின வீடுதான். ரொம்ப நுணுக்கமான சிப்புல ஒளியால கோடு போடற இயூவி இயந்திரத்தை உலகத்துல நெதர்லாந்தோட ஏஎஸ்எம்எல் மட்டும்தான் செய்யுது. அதுக்குள்ள ஒளியைத் திருப்புற ஆடி ஜெர்மனியோட சைஸ் கம்பெனி செய்யறது. சிப்பு மேல பூசற, ஒளி பட்டா மாறுற ஃபோட்டோரெசிஸ்ட்ங்கிற பூச்சுக்கு ஜப்பான். சிலிக்கானை உருக்குற பாத்திரத்துக்குச் சுத்தமான குவார்ட்ஸ் வேணும். அதுக்கு அமெரிக்காவுல வட கரோலினா பக்கம் ஸ்ப்ரூஸ் பைன்னு ஒரு சின்ன ஊரு. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் அடிச்சு அங்க வேலை கொஞ்ச நாள் நின்னுச்சு, உலகமே பதறிப்போச்சு. தைவானே நாலு பேரு கையை எதிர்பாத்துத்தான் நிக்குது.

தேவகோட்டை வாசகர்: அப்படின்னா யாரும் யாரையும் மிரட்ட முடியாதே?

மிரட்டத்தானே செய்யறாங்க! 2019 ஜூலையில ஜப்பான், சிப்பு, திரை செய்ய வேண்டிய மூணே மூணு ரசாயனத்தை அனுப்பக் கெடுபிடி போட்டுக் கொரியாவைத் திணறடிச்சுச்சு. 2022 அக்டோபர்ல அமெரிக்கா, உயர்ரகச் சிப்பும் அதைச் செய்யற இயந்திரமும் சீனாவுக்குப் போகாம கதவைச் சாத்துச்சு. 2023 ஆகஸ்ட்ல இருந்து சிப்புக்கு உதவுற உலோகங்களான கேலியம், ஜெர்மேனியம் வேணும்னா உரிமம் வாங்குன்னுச்சு சீனா. கைக்கு ஒரு பிடி இருக்கிறவன்தான் பேரம் பேச முடியும். எல்லாத்தையும் நாமே செய்யறேன்னு கிளம்பினா காசுதான் கரையும். அதுக்காக ஒரே இடத்தை நம்பி இருந்தா என்ன ஆகும்னு, 1942-ல போர் வந்து பர்மாவுல இருந்து நடந்தே வந்த நம்ம பெரியவங்களுக்குத் தெரியும்.

பள்ளத்தூர் வாசகர்: லேப்டாப் இப்ப வாங்கலாமா, காத்திருக்கலாமா?

வேலைக்கு வேணும்னா வாங்கிடுங்க. நாள் பாக்க இது கல்யாணமில்ல.

காரைக்குடி கல்லூரி மாணவி: ஐயா, இந்தியா ஏன் பின்தங்குச்சு? நான் கெமிஸ்ட்ரி படிக்கிறேன், எனக்கு இதுல இடம் இருக்கா?

மொகாலியில 1984-லயே அரசு ஆலை சிப் செய்ய ஆரம்பிச்சாச்சும்மா. 1989-ல தீப்பிடிச்சு எரிஞ்சுது. திரும்ப எழ வருஷக்கணக்காச்சு. அதுக்குள்ள தைவான் எங்கேயோ போயிட்டான். இப்ப குஜராத் தொலேராவுல டாட்டா 91,000 கோடியில சிப் ஆலை கட்டுது. அதுக்கும் தொழில்நுட்பம் தைவானோட பிஎஸ்எம்சிங்கிற சிப் கம்பெனி கொடுக்கிறதுதான். அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, கத்துக்கிட்டா சரி.

உனக்கு இடமா? சிப்புக்குள்ள ஓடற செம்புக் கம்பியை மின்முலாம் பூசற முறையிலதான் படிய வைக்கிறாங்க. 1997-ல ஐபிஎம் அறிவிச்ச வித்தை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உன் காலேஜுக்குப் பக்கத்துலதானே இருக்கு? அங்க மின்வேதியியல்தான் மூச்சே. லீவுல புராஜெக்ட் செய்ய இடம் கிடைக்குமான்னு முதல்ல அங்க போய்க் கேளு.