பட்டுப்பாதைப் பாலைவனக் காவல் கோபுரங்களின் பழைய போட்டோக்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இரண்டு பழைய படங்களைக் காட்டி, இவற்றை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது, வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங்கில் ஒரு குகைக்குள் சுவடிக்கட்டுகள் குவிந்து கிடப்பது. அதை அப்படியே நம்ப வேண்டாம். தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் 1907-இல் அங்குள்ள மொகாவோ புத்தர் குகைகளில் 16-ஆம் குகையில் எடுத்தது அது. வலப்பக்கம் தெரியும் சின்ன வாசல்தான் சுவடிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்த 17-ஆம் குகை. ஏறக்குறைய 9 அடிச் சதுர அறை. தரையில் கிடக்கும் கட்டுகள் வேறொரு நெகட்டிவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவை. குகையும் நிஜம், கட்டுகளும் நிஜம்; இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்தது மட்டும் இருட்டறை வேலை. ஆகவே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. சுவடிகள் எப்படி அடுக்கியிருந்தன, எத்தனை இருந்தன என்பதற்கு மட்டும் அந்தப் படத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

இரண்டாவது படத்தில், துன்ஹுவாங்குக்கு மேற்கே இருக்கும், சீனாவின் ஹான் அரசமரபுக் காலக் காவல் கோபுரத்தில், ஒட்டுவேலை எதுவும் தெரியவில்லை. ஆனால் 'புழுதிப்புயல் நேரத்தில் எடுத்தது, வானமே தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். புயலில் யாரும் முக்காலி விரிக்க மாட்டார்கள். அக்காலக் கண்ணாடித் தட்டின் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கும், சிவப்பை வாங்கவே வாங்காது. மண் சுவருக்குப் போதுமான வெளிச்சம் கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். இதே கோளாறு சுவரோவியப் படங்களில் இன்னும் மோசம்: நீலம் வெள்ளையாக விழும், காவி கறுப்பாக விழும். போதாக்குறைக்கு, ஈயச் சிவப்பு பூசிய இடங்கள் சுவரிலேயே காலப்போக்கில் கறுத்துப்போனவை. எனவே கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுத்துத் தெரியும் ஆடையின் நிறத்தைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

ஓரங்களில் இருக்கும் மஞ்சள், பழுப்புக் கறைகளும் மணல் அல்ல. தட்டைக் கழுவிய பிறகு, படம் நிலைக்கப் போடும் ஹைப்போ என்ற ரசாயனம் முழுக்கப் போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மிச்சமிருந்தால் சில வருடங்களில் கறை ஏறி, படம் மங்கும். 1906 டிசம்பரில் ஸ்டைன், பாலைவனத்தில் பாழடைந்து கிடந்த பழைய நகரமான லூலானுக்குப் போனபோது குடிக்கிற தண்ணீரே பனிக்கட்டியாகச் சாக்குகளில், ஒட்டகத்தின் மேல் போனது. அங்கே அலசுவதற்கு யார் தண்ணீர் தருவார்கள்? சுமையும் சாதாரணமில்லை. 16.5 × 12 செ.மீ. அளவுள்ள அரைத் தட்டுகள் நூறு சேர்ந்தால் 8 முதல் 10 கிலோ வரும், பெட்டி தனி. இதனால்தான் ஒரே கோபுரத்தைப் பத்துக் கோணத்தில் எடுத்த வரிசைகள் கிடைப்பதில்லை.

அளவு கணிக்க, படத்தில் நிற்கும் ஆளை 165 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். சுவர் அவரைப்போல ஆறு மடங்கு என்றால் 10 மீட்டர். பட்டுப்பாதையின் பழைய எல்லை வாயிலான யூமென் வாயில் என்று ஸ்டைன் அடையாளம் கண்ட சதுரக் கோட்டையின் சுவர் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். ஆள் சுவரோடு ஒட்டி நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். கேமராவிலிருந்து 20 மீட்டரில் ஆளும் 25 மீட்டரில் சுவரும் இருந்தால், 10 மீட்டர்ச் சுவர் 8 மீட்டராகத்தான் தெரியும். திசைக்கு நிழல் உதவும்: நடுப்பகல் நிழல் அங்கே எப்போதும் வடக்கே விழும். லூலான் பக்கப் படங்களில் காற்று அரித்த மண்மேடுகளே திசைகாட்டி. வடகிழக்குக் காற்று அறுத்த பள்ளங்கள் தென்மேற்கு நோக்கி நீளும்.

கோபுரத்தின் அருகே சதுரமாக அடுக்கிய கட்டைகள் போலத் தெரிபவை நாணல் கட்டுகள், உப்பேறிக் கல்லாக இறுகியவை. எல்லைச் சுவரும் நாணல் அல்லது தமரிஸ்க் புதர்க் கட்டு ஒரு வரிசை, சரளை மண் ஒரு வரிசை என்று எழுப்பியதுதான். படத்தில் பக்கவாட்டுக் கோடுகளாகத் தெரியும். காலடித் தடம் பளிச்சென்று இருப்பதை வைத்து 'அன்றைக்குப் பதிந்தது' என்று முடிவு கட்டாதீர்கள். 1914-இல் திரும்பிப் போன ஸ்டைன், 1907-இல் தான் நடந்த தடம் அந்தச் சரளையில் அப்படியே இருந்ததாக எழுதியிருக்கிறார்.

இன்னொரு பொறி, தோண்டலுக்கு முன், பின். மணலில் புதைந்த பழைய ஊரான நியாவில், மணலிலிருந்து எட்டிப் பார்க்கும் வெளுத்த தூண்கள் ஒரு படம். மணல் அள்ளிய அறை இன்னொரு படம். இரண்டாவதைப் போட்டு 'கண்டபோது இப்படி இருந்தது' என்று பகிர்கிறார்கள். விளக்கக் குறிப்பில் ஸ்டைன் கொடுத்த இடக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள்: ஆங்கில எழுத்து N என்றால் நியா, L.A. லூலான், M மீரான், T துன்ஹுவாங் எல்லைக் கோபுரங்கள். கூடவே வருவது ரோமன் எண். யூமென் கோட்டைக்கு T.XIV, அதாவது 14. பழைய உச்சரிப்பிலும் தேடிப் பாருங்கள். மொகாவோ அன்றைக்கு 'சியென்-ஃபோ-துங்', அதாவது ஆயிரம் புத்தர் குகைகள்.

இடக்குறியே இல்லாவிட்டால் ஸ்டைனுடையது என்று அடித்துச் சொல்லாதீர்கள். 1908-இல் பிரெஞ்சு அறிஞர் பெலியோவோடு வந்த புகைப்படக்காரர் ஷார்ல் நுவெத்தும் இந்தக் குகைகளை எடுத்திருக்கிறார். 1906–08-இல் ஆசியாவைக் கடந்த, ரஷ்யப் படை அதிகாரி மன்னர்ஹைமிடமும் கேமரா இருந்தது. ஸ்டைனின் படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் புடாபெஸ்ட் அறிவியல் அகாதமி நூலகத்திலும் இருக்கின்றன. கேட்கும்போது அச்சுப் பிரதி வேண்டாம், தட்டின் முழு ஸ்கேன் வேண்டும் என்று கேளுங்கள். ஆளும் நிழலும் பெரும்பாலும் அச்சில் வெட்டிவிட்ட ஓரத்தில்தான் இருக்கும்.